மூன்று மாத வரவு, பன்னிரண்டு மாதச் செலவு: குற்றாலம் விடுதிகளின் நிதிக் கணக்கு

ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வருகிற பணத்தைக் கொண்டு ஆண்டு முழுவதும் ஒரு விடுதியை நடத்துவது எப்படி? குற்றாலத்திலும் அதை ஒட்டிய இலஞ்சி, தென்காசி, செங்கோட்டைப் பகுதிகளிலும் லாட்ஜும் காட்டேஜும் நடத்துகிறவர்களிடம் தலைமுறைகளாகத் தொடர்ந்துவரும் கேள்வி இது. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்கும் இயல்பான தேதி ஜூன் 1. அதன் சாரல் மலையைத் தாண்டி இந்தப் பக்கம் விழத் தொடங்கினால் சீசன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையிலும் அருவிகளில் தண்ணீர் உண்டு, கூட்டம்தான் அவ்வளவு சேர்வதில்லை. கார்த்திகை, மார்கழியில் சபரிமலை போகிறவர்கள் வழியில் இறங்கிக் குளிக்கிறார்கள். அவர்களில் பலர் அறை எடுப்பதில்லை. தை முடிந்தால் வெறும் பாறை.

பருவத்தை நம்பிய சுற்றுலாத் தலம் உலகில் இது ஒன்றுதான் என்றில்லை. சுற்றுலாவின் பருவத்தன்மை குறித்து 1975இல் ரேமண்ட் பார்-ஆன் எழுதிய ஆய்வுக்குப் பிறகு, இந்தப் பொருள் பற்றி ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் கோடைக் கடற்கரைக்கோ பனிமலைக்கோ இல்லாத ஒரு சிக்கல் குற்றாலத்துக்கு உண்டு. இங்கே மழை குறைந்தாலும் நட்டம், கூடினாலும் நட்டம். தண்ணீர் இல்லையென்றால் ஆள் வரமாட்டார்கள். பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால் போலீஸ் குளிக்கத் தடை போட்டுவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துச் சென்றது. அதன்பின் தடை போடுவதில் அதிகாரிகள் முன்னைவிட எச்சரிக்கையாக இருப்பதை யாரும் குறைசொல்ல முடியாது. பாபநாசம் அகத்தியர் அருவிக்கு மேலே அணை இருக்கிறது. தண்ணீரை ஓரளவு ஒழுங்குபடுத்தலாம். குற்றாலத்துக்கு மேலே காடு மட்டுமே.

இந்தக் கேள்விக்குக் காலந்தோறும் சொல்லப்பட்ட விடைகளை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது ஒன்று தெரிகிறது. அவற்றில் பெரும்பாலானவை மழையால் வரும் நட்டத்தைக் குறைப்பதில்லை, ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தலைக்கு மாற்றுகின்றன. இக்கட்டுரை அந்த இடமாற்றத்தைத்தான் பின்தொடர்கிறது.

லாபம் தேவைப்படாத காலம்

குற்றாலத்தில் முதலில் தங்க இடம் கொடுத்தவர்களுக்கு இந்தக் கேள்வியே எழவில்லை. குற்றாலநாதர் கோயிலுக்கு வந்தவர்களுக்குச் சத்திரங்களும் மடங்களும் இருந்தன. அவற்றின் செலவு நிலமானியத்திலிருந்தும் சமுதாய மகமையிலிருந்தும் வந்தது. அறை காலியாகக் கிடந்தால் யாருக்கும் நட்டமில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அதிகாரிகள் சீசனுக்கு வந்து தங்க பங்களா கட்டிக்கொண்டார்கள். திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்கு இங்கே ஓர் அரண்மனை இருந்தது; அது இன்றும் கேரள அரசின் சொத்தாகவே இருக்கிறது. பிற்காலத்தில் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் வீட்டுக்கு ராஜாஜியும் கல்கியும் வந்துபோனது வாடகை கொடுத்தல்ல.

இந்த ஏற்பாட்டை வெறும் தர்மம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. நிதி நோக்கில் அது உறுதியான ஒரு முறை: வருமானம் ஓரிடத்தில், செலவு இன்னோரிடத்தில். சத்திரத்தின் அறை ஆண்டில் ஒன்பது மாதம் பூட்டிக் கிடந்தாலும் வயல் விளைந்துகொண்டிருக்கும். பலவீனமும் அங்கேதான். மானிய நிலம் சிற்றாற்றுப் பாசனத்தில் இருந்தால், அருவியும் வயலும் நம்பியது ஒரே மழையை. மழை பொய்த்த ஆண்டில் இரண்டும் சேர்ந்தே வறண்டிருக்கும். கடன் வாங்கிக் கட்டிய லாட்ஜ் பெருகிய காலத்தில் அந்த வயலும் பின்னணியில் இல்லாமல் போனது.

கணக்குப் புத்தகம் தரும் விடை

விடுதித் தொழிலுக்கென்று தனிக் கணக்கு முறை பிறந்தது நியூயார்க்கில். அந்நகர விடுதியாளர் சங்கம் 1926இல் வெளியிட்ட சீர்முறைக் கணக்கு, பல பதிப்புகள் கண்டு இன்றும் உலகப் பெருவிடுதிகளின் அடிப்படையாக இருக்கிறது. அறைக்கு வந்த வருமானத்துக்கு எதிரே அறைக்கு ஆன செலவு, சாப்பாட்டுக்கு எதிரே சமையலறைச் செலவு என்று துறை துறையாகப் பிரிப்பது அதன் சாரம். மின்சாரம், பராமரிப்பு, நிர்வாகம் போன்ற பொதுச் செலவுகள் அடுத்த படியில் கழியும். வட்டியும் சொத்துவரியும் அதற்கும் கீழே. நிர்வாகம் சரியில்லையா, கடன் சுமை அதிகமா என்று தனித்தனியே பார்க்க இது உதவுகிறது.

அறை வாடகையை நிர்ணயிக்க அமெரிக்க விடுதியாளர்கள் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் வகுத்தது ஹப்பார்ட் சூத்திரம். முதலீட்டுக்கு என்ன லாபம் வேண்டும் என்று முடிவுசெய்து, அதோடு செலவுகளைக் கூட்டி, விற்கக்கூடிய அறை-இரவுகளால் வகுப்பது. இதைவிட எளிமையான கைக்கணக்கு ஒன்றும் உண்டு: ஓர் அறைக்கு ஆன கட்டுமானச் செலவில் ஆயிரத்தில் ஒரு பங்கு அதன் ஒரு நாள் வாடகை.

உதாரணத்துக்கு, 20 அறை லாட்ஜ் ஒன்றை 2 கோடி ரூபாயில் கட்டியதாக வைத்துக்கொள்வோம். அறைக்கு 10 லட்சம். கைக்கணக்குப்படி வாடகை 1,000 ரூபாய். ஆனால் அந்தக் கணக்கின் அடியில் ஆண்டு முழுவதும் 70 சதவீத அறைகள் நிரம்பும் என்ற ஊகம் இருக்கிறது. அதாவது 5,110 அறை-இரவுகள். குற்றாலத்தில் ஆண்டுச் சராசரி அதில் பாதியாக, 35 சதவீதமாக இருந்தால், 2,555 இரவுகள்தான் விற்கும். வாடகையை இரட்டிப்பாக்கினால்தான் கணக்கு நேராகும். சீசன் நாளில் இரட்டை வாடகை வாங்குகிறார்கள் என்று வருகிறவர்கள் குறைபட்டுக்கொள்வதன் பின்னே இந்த வகுத்தலும் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எல்லா உயர்வுக்கும் இதுவே காரணம் என்று சொல்ல முடியாது.

இந்த முறைகளைச் சிறு விடுதிக்குப் பொருத்தும்போது இரண்டு இடங்களில் உதைக்கிறது. முதலாவது, குடும்பமே நடத்தும் லாட்ஜில் முதலாளியின் உழைப்புக்குச் சம்பளம் எழுதப்படுவதில்லை, தாத்தா வாங்கிய நிலத்துக்கு வாடகை எழுதப்படுவதில்லை. இவ்விரண்டையும் சேர்த்தால், லாபம் என்று நினைத்துக்கொண்டிருந்தது நட்டமாகத் தெரியக்கூடும். இரண்டாவது இன்னும் முக்கியம். மாதத்தோடு மாதத்தை ஒப்பிடுவது இங்கே பொருளற்றது. சென்ற ஆண்டின் ஜூலையோடு இந்த ஆண்டின் ஜூலையை ஒப்பிட்டாலும் சரிவராது; சென்ற ஆண்டு தண்ணீர் ஜூன் முதல் வாரமே விழுந்திருக்கலாம், இந்த ஆண்டு இரண்டு சனி ஞாயிறுகள் தடையில் போயிருக்கலாம். குற்றாலத்துக்குப் பொருத்தமான அளவுகோல் நாட்காட்டி நாளாக இருக்க முடியாது. குளிக்க அனுமதி இருந்த நாளாகத்தான் இருக்க வேண்டும். அனுமதி நாள் ஒன்றுக்கு ஓர் அறை ஈட்டியது எவ்வளவு என்று எழுதிவைத்தால், நட்டம் வானத்தால் வந்ததா நிர்வாகத்தால் வந்ததா என்று பிரித்துப் பார்க்க வழி கிடைக்கும். தேவையான தகவல் ஏற்கெனவே நாளிதழ்களில் தினமும் வருகிறது.

விலையை ஏற்றி இறக்குதல்

இங்கிலாந்தின் பி.ஓ.ஏ.சி. விமான நிறுவனத்தில் கென் லிட்டில்வுட் 1972இல் முன்வைத்த விதியும், அமெரிக்காவில் 1978இல் விமானக் கட்டணக் கட்டுப்பாடு நீங்கியபின் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வளர்த்தெடுத்த உத்தியும் விடுதித் துறைக்கு வந்தன. மாரியட் 1980களில் அவற்றைக் கைக்கொண்டது. இன்று விற்காத அறையை நாளை விற்க முடியாது. ஆகவே முன்கூட்டியே பதிவுசெய்கிறவருக்கு மலிவாகக் கொடுத்து, கடைசி நேரத்தில் எந்த விலைக்கும் வருகிறவருக்குச் சில அறைகளை ஒதுக்கிவைப்பதே இந்த உத்தியின் மையம்.

குற்றாலத்தில் இதன் அடிப்படை ஊகம் தலைகீழாகிறது. இங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் கடைசி நேரத்தில் முடிவெடுக்கிறவர்கள். ஐந்தருவியில் ஐந்து பிரிவிலும் தண்ணீர் விழுகிறது என்று செய்தி பார்த்தபின், அல்லது "தண்ணி விழுதா?" என்று லாட்ஜுக்கே போன் போட்டுக் கேட்டபின்தான் வண்டி கிளம்பும். ஒரு மாதம் முன்பே பதிவுசெய்கிறவர் மழையோடு பந்தயம் கட்டுகிறார். தள்ளுபடி இல்லாமல் அதை ஏன் செய்ய வேண்டும்? தடை வந்தால் முன்பணம் திரும்ப உண்டா என்பதில் ஒரே விதியும் இல்லை. அதைத் தெளிவாக்காமல் முன்பதிவு பெருகும் என்று எதிர்பார்ப்பது வீண்.

நியாயம் பற்றிய கேள்வியும் உண்டு. கானமன், நெட்ச், தேலர் மூவரும் 1986இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், பனிப்புயலுக்கு மறுநாள் பனிவாரும் மண்வெட்டியின் விலையை 15 டாலரிலிருந்து 20 டாலராக ஒரு கடைக்காரர் ஏற்றுவதைக் கேள்விக்குப் பதிலளித்தவர்களில் 82 சதவீதம் பேர் அநியாயம் என்றார்கள். தட்டுப்பாட்டை வைத்து விலை ஏற்றுவதை மக்கள் ஏற்பதில்லை. செலவு கூடியதால் ஏற்றினால் ஓரளவு பொறுத்துக்கொள்கிறார்கள். லாட்ஜ்காரர் தன் ஒன்பது மாதச் செலவை ஜூலையில் வசூலிக்கிறார் என்பது அவருக்குச் செலவுக் கணக்கு, கதவருகே நிற்கும் குடும்பத்துக்குத் தட்டுப்பாட்டு விலை. இரண்டு பார்வைகளுக்கும் இடையிலான தூரம் விளம்பரப் பலகையால் குறையக்கூடியதாகத் தெரியவில்லை. விடுதிகளுக்கு நியாய வாடகை நிர்ணயிக்க அதிகாரம் தரும் பிரிவு 1958ஆம் ஆண்டு தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் இருந்தது. அந்த வழி பரவவில்லை.

விலைக்கு உச்சவரம்பு வேறொரு பக்கத்திலிருந்து வருகிறது. சில கிலோமீட்டரில் தென்காசி இருக்கிறது. திருநெல்வேலி–தென்காசி அகலப்பாதை 2012இல் வந்தது, செங்கோட்டை–கொல்லம் பாதை 2018இல் முழுமையானது. ரயில் பெருகினால் கூட்டமும் பெருகும் என்பது உண்மை. காலையில் வந்து குளித்துவிட்டு இரவே வீடு திரும்புவது எளிதாகும் என்பதும் அதே அளவு உண்மை. இணையவழிப் பதிவு நிறுவனங்கள் இன்னொரு நெருக்கடி. எங்கள் தளத்தைவிடக் குறைந்த விலைக்கு வேறெங்கும் விற்கக் கூடாது என்ற நிபந்தனைகள் தொடர்பான வழக்கில், 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் மேக்மைட்ரிப்–கோஐபிபோவுக்கு 223.48 கோடி, ஓயோவுக்கு 168.88 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அத்தளங்கள் அறையை நிரப்பித் தருவது பெரும்பாலும் எப்படியும் நிரம்பக்கூடிய நாட்களில்தானா, கழுதை தேய்ந்து கட்டெறும்பான ஆஃப் சீசனிலுமா என்பதைப் பொறுத்தே தரகுக்குப் பலன் உண்டா என்று சொல்ல முடியும்.

குத்தகையும் வாரமும்

குற்றாலத்தின் சொந்த விடை குத்தகை. கட்டடத்துக்காரர் ஒரு சீசனுக்கோ ஓர் ஆண்டுக்கோ முன்பணம் வாங்கிக்கொண்டு விடுதியை இன்னொருவரிடம் விட்டுவிடுவார். ஏற்படும் லாபமும் நட்டமும் எடுத்தவருக்கு. வாகன நிறுத்தம், கடைகள் முதலியவற்றைப் பொது அமைப்புகள் ஏலம் விடுவதும் இதே தர்க்கத்தில்தான். அமைப்புக்கு நிலையான வருமானம் கிடைக்கிறது, ஏலம் எடுத்தவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

வேளாண் பொருளியல் இதை நெடுங்காலமாக விவாதித்திருக்கிறது. நிலையான குத்தகையில் உழவர் முழு ஆபத்தையும் சுமக்கிறார். வாரம் என்ற பங்கு முறையில் விளைச்சலைப் பங்கிடும்போது ஆபத்தும் பங்காகிறது. வாரம் திறமைக்கு எதிரானது, உழைப்பின் பலனில் ஒரு பகுதி மற்றவருக்குப் போவதால் உழவர் குறைவாக உழைப்பார் என்பது ஆல்ஃபிரட் மார்ஷலிலிருந்து வந்த பழைய வாதம். ஸ்டீவன் சுங் 1969இலும் ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் 1974இலும் இதை மறுத்து, ஆபத்தைப் பகிரும் அறிவார்ந்த ஒப்பந்தமாக வாரத்தைக் காட்டினார்கள். நம் ஊர் வயலுக்கு இரண்டும் தெரியும். விடுதிக்கு மட்டும் ஏன் குத்தகையே நிலைத்துப்போனது?

பெருவிடுதி உலகம் வாரத்தை நோக்கிப் போனது கவனிக்கத்தக்கது. 1949இல் போர்ட்டோ ரிக்கோவில் திறந்த கரிபே ஹில்டன் விடுதியை அரசு கட்டியது, ஹில்டன் நடத்தியது. இயக்க லாபத்தில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. அதுவே பின்னாளில் உலகெங்கும் பரவிய நிர்வாக ஒப்பந்தங்களுக்கு முன்மாதிரிகளில் ஒன்றானது. கட்டடம் ஒருவருக்கு, நிர்வாகம் இன்னொருவருக்கு, நல்லதும் கெட்டதும் இருவருக்கும்.

குற்றாலத்தில் இது வேர்பிடிக்காததற்குக் காரணம் நம்பிக்கையின்மையாக இருக்கலாம். ரொக்கமாக நடக்கும் வியாபாரத்தில் எத்தனை அறை போனது என்று கட்டடத்துக்காரருக்கு எப்படித் தெரியும்? பங்கிட வேண்டுமென்றால் முதலில் கணக்கு இருவருக்கும் தெரிய வேண்டும். ரொக்கம் குறைந்து கைப்பேசி வழிப் பணப்பரிமாற்றம் பெருகிவரும் நிலையில் இந்தத் தடை தளரக்கூடும். தளர்ந்துவிட்டது என்று சொல்ல இன்னும் காலம் வரவில்லை.

குத்தகையின் இன்னொரு பலவீனம் கட்டடத்தில் தெரியும். மூன்று மாதம் கையில் வைத்திருப்பவர் மொட்டைமாடிக் கசிவைச் சரிசெய்யமாட்டார், மெத்தையை மாற்றமாட்டார். கூடவே, எடுத்தவர் தன் ஆபத்தைத் தனக்குக் கீழே தள்ளுகிறார். ரூம் பாய், சமையல்காரர், சலவைக்காரர் ஆகியோர் சீசனுக்கு மட்டும் வேலை, தடை நாளில் கூலி இல்லை என்ற நிலையில் நிற்பது இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. தமிழ்நாடு உணவு நிறுவனங்கள் சட்டம் 1958, குறைந்தபட்சக் கூலி விதிகள் எல்லாம் இருந்தும், தண்ணீர் விழாத ஆண்டின் நட்டத்தை மிகக் குறைவாக வாங்குகிறவர் மிக அதிகமாகத் தாங்குகிறார் என்பதை நிதி நிர்வாகம் பற்றிய எழுத்துகள் அநேகமாகப் பேசுவதில்லை.

வங்கியின் நாட்காட்டி

வங்கிக் கடனில் ஒரு விநோதம் உண்டு. 2004 மார்ச் முதல் இந்தியாவில் கடன் தவணை 90 நாள் தாண்டினால் அது வாராக்கடன். பயிர்க்கடனுக்கு மட்டும் ரிசர்வ் வங்கி வேறு அளவு வைத்திருக்கிறது: குறுகிய காலப் பயிருக்கு இரண்டு சாகுபடிப் பருவம், நீண்டகாலப் பயிருக்கு ஒரு பருவம். வருமானம் மழையோடு வருகிறது, ஆகவே கெடுவும் மழையோடு போக வேண்டும் என்ற ஒப்புதல் அதில் இருக்கிறது. அதே மழையில் பிழைக்கும் லாட்ஜுக்கு மாதத் தவணை.

ஒரு கோடி ரூபாய் கடன், 10 சதவீத வட்டி, 10 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 1.32 லட்சம். சீசன் இல்லாத ஒன்பது மாதத்துக்கு மட்டும் கிட்டத்தட்ட 11.9 லட்சம் ரூபாயை ஆகஸ்ட் முடிவதற்குள் ஒதுக்கிவைத்திருக்க வேண்டும். ஒதுக்காதவர்கள் இடைவெளியை நிரப்பப் போகும் இடம் தனியார் வட்டி. சீசனில் பெரிய தவணை, மற்ற மாதங்களில் வட்டி மட்டும் என்று கடனை வடிவமைப்பதற்குச் சட்டத் தடை ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அதைக் கேட்டுப் பெறும் வலிமை தனி லாட்ஜ்காரருக்கு இல்லை.

கொரோனா இதை அப்பட்டமாக்கியது. 2020, 2021 இரண்டு ஆண்டுகளிலும் சீசன் முழுவதும் அருவிகளில் குளிக்கத் தடை. ரிசர்வ் வங்கி தந்த தவணை விலக்கு 2020 மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை. நாட்டின் மற்ற பகுதிகளில் தொழில் மெல்லத் திறந்த செப்டம்பரில் விலக்கு முடிந்தது. குற்றாலத்தில் அது சீசன் முடிந்த மாதம். 2021 மார்ச்சில் விருந்தோம்பல் துறைக்கென்று விரிவாக்கப்பட்ட அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம், இரண்டு ஆண்டு அவகாசத்தோடு ஆறு ஆண்டுக் கெடு தந்தது. உதவிதான். ஆனால் அது ஏற்கெனவே வங்கிக் கடன் வைத்திருந்தவர்களுக்கே; குத்தகைக்காரரின் கைமாற்று எந்த ஏட்டிலும் இல்லை.

சலுகைகள் பெரும்பாலும் நட்சத்திரத்தைப் பார்த்து வருகின்றன. 1961 வருமானவரிச் சட்டத்தின் 35ஏடி பிரிவு இரண்டு நட்சத்திரமோ அதற்கு மேலோ பெற்ற புதிய விடுதிகளுக்கு மூலதனச் செலவில் கழிவு தந்தது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கு வெளியே இருக்கும், மூன்று நட்சத்திரமோ அதற்கு மேலோ பெற்ற விடுதிகள் உள்கட்டமைப்புத் தொழில் என்று வகைப்படுத்தப்பட்டன. இடத்தால் குற்றாலம் தகுதி பெறுகிறது, நட்சத்திரமில்லாத லாட்ஜ் தகுதி பெறுவதில்லை.

ஜி.எஸ்.டி.யின் கதை சற்றுக் கோணலானது. 2017 ஜூலையில் வந்தபோது பலகையில் அறிவித்த வாடகையைப் பார்த்து வரி விகிதம் தீர்மானிக்கப்பட்டது. ஆஃப் சீசனில் பாதி விலைக்குக் கொடுத்தாலும் பலகை விலைக்கான விகிதம். ஓராண்டு கழித்து, 2018 ஜூலையில்தான் உண்மையில் வாங்கிய தொகை அடிப்படையானது. ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்ட அறைக்கு இருந்த விலக்கு 2022 ஜூலை 18இல் நீங்கி 12 சதவீதம் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையான அறைக்கு 5 சதவீதம்; ஆனால் உள்ளீட்டு வரி வரவு கிடையாது. வாடகை குறைந்ததாகத் தங்குகிறவருக்குத் தோன்றும். பெயின்ட், மெத்தை, குளிர்சாதனத்துக்குக் கட்டிய வரி விடுதிக்காரரின் செலவாக நின்றுவிடும். சீசனுக்கு முன் புதுப்பிக்கிறவர் புதுப்பிக்காதவரைவிட அதிகம் இழக்கிறார் என்பது இதன் விரும்பத்தகாத விளைவாக இருக்கக்கூடும்.

நல்ல ஆண்டின் பணத்தைக் கெட்ட ஆண்டுக்கு ஒதுக்கிவைத்தால் வரியில் கழிவு உண்டா? தேயிலை, காபி, ரப்பர் பயிரிடுவோருக்கு 33ஏபி பிரிவு, நபார்டில் வைப்புச் செய்யும் தொகைக்கு லாபத்தில் 40 சதவீதம் வரை கழிவு தந்தது. அதன் நோக்கம் தோட்ட மேம்பாடு. ஆஸ்திரேலியாவில் 1999 முதல் இருக்கும் பண்ணை வைப்புத் திட்டம் இன்னும் நேரடியானது: விளைந்த ஆண்டில் வரிக்கு முன் போட்டு, விளையாத ஆண்டில் எடுத்து அப்போது வரி கட்டலாம். பருவச் சுற்றுலா விடுதிக்கு இப்படி எதுவும் இந்தியாவில் இல்லை. மிச்சப் பணம் இன்னொரு மாடியாக எழுவதற்கு இதுவும் ஒரு காரணமென்று கொள்ளலாம். அந்த மாடி அடுத்த சீசனில் போட்டியைக் கூட்டுகிறது, மார்ச்சில் கைக்கு உதவுவதில்லை.

பருவத்தை நீட்டும் முயற்சி

கல்யாணம், கம்பெனிக் கூட்டம், தென்காசி காசி விசுவநாதர் கோயில், பண்பொழி திருமலைக்கோயில் என்று தண்ணீர் சாராத வருகையைப் பெருக்குவது எல்லோரும் சொல்லும் யோசனை. இயன்றவரை செய்யலாம். அரசின் சாரல் விழாவோ பெரும்பாலும் சீசனுக்குள்ளேயே நடக்கிறது, ஏற்கெனவே கூட்டமுள்ள நாட்களில்.

இன்னொரு வழி, தண்ணீரையே சொந்தமாக்கிக்கொள்வது. மலையடிவாரத்தில் சில தனியார் விடுதிகள் வளாகத்துக்குள் அருவி வைத்தன. பொது அருவியில் தடை இருந்தாலும் இங்கே குளிக்கலாம். நிதிக் கணக்கில் இதைவிடச் சிறந்த காப்பு இல்லை. ஆனால் அந்த நீரோட்டம் யாருடையது? இயற்கை நீரோட்டத்தைத் திருப்பிச் செயற்கை அருவி உண்டாக்கிய விடுதிகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டது. ஒருவர் தன் ஆபத்தைக் குறைத்துக்கொள்ள, கீழே இருப்பவர்களின் தண்ணீரை எடுத்துக்கொண்ட விவகாரம் இது. ஆய்வாளர் ரிச்சர்ட் பட்லர் 1994இல் எழுதியபோது, வருகை ஓய்ந்த மாதங்கள் ஊருக்கும் இயற்கைக்கும் மூச்சுவிடும் காலமாகவும் இருக்கலாம் என்ற கருத்தையும் கணக்கில் எடுத்தார். அருவிகளில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய்க் குளியல் தொடர்பாக நீதிமன்றமே தலையிட வேண்டிவந்த ஊருக்கு அது பொருந்தும்.

சூதாட்ட விடுதியோடு ஓர் ஒப்பீடு

விடுதி நிதி பற்றிய பாடநூல்களில் கேசினோவுக்குத் தனி இடம் உண்டு. நெவாடா 1931இல் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியபின் வளர்ந்த லாஸ் வேகாஸ், மலிவான அறையும் சாப்பாடும் கொடுத்து மேசையில் சம்பாதிக்கும் முறையை வகுத்தது. தமிழ்நாட்டில் 1930ஆம் ஆண்டு சூதாட்டச் சட்டம் இருக்கும்வரை அந்த வழி இங்கே திறக்காது. கோவா 1992இல் சட்டத்தைத் திருத்தி ஐந்து நட்சத்திர விடுதிகளில் சூதாட்ட இயந்திரங்களை அனுமதித்தது. கொழும்பில் 2025 ஆகஸ்டில் ஒரு பெருவிடுதி வளாகத்தில் கேசினோ திறந்தது.

அதை இங்கே கொண்டுவர வேண்டும் என்பதற்காக இந்த ஒப்பீடு வரவில்லை. 37 குழி கொண்ட ரூலட் சக்கரத்தில் விடுதியின் பங்கு 2.7 சதவீதம்தான். ஆயிரக்கணக்கான சுற்றுகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் நடப்பதால் அந்தச் சிறு பங்கு நிச்சய வருமானமாகிறது. குற்றாலத்தில் நூற்றுக்கணக்கான அறைகளும் கட்டியிருப்பது ஒரே பந்தயம். தண்ணீர் நின்றால் எல்லோருக்கும் ஒரே நாளில் நிற்கும். லாட்ஜ்காரர்கள் சேர்ந்து சீட்டுப் போட்டுச் சமாளிக்கலாமே என்ற யோசனை இங்கேதான் உடைகிறது: எல்லோருக்கும் ஒரே மாதத்தில் பணம் தேவைப்படும்போது ஏலம் எடுக்காமல் விட்டுக்கொடுப்பவர் யார்?

காப்பீடு என்ற புதிய விடை

ஆகவே ஆபத்தை ஊருக்கு வெளியே அனுப்ப வேண்டும். 2003இல் ஐசிஐசிஐ லம்பார்டும் பேசிக்ஸ் நிறுவனமும் அன்றைய ஆந்திரத்தின் மகபூப்நகரில் கடலை, ஆமணக்கு விவசாயிகளுக்கு மழையளவுக் காப்பீடு விற்றன. வயலைப் பார்க்க வேண்டாம், மழைமானியைப் பார்த்தால் போதும். 2007இல் மத்திய அரசு வானிலை அடிப்படையிலான பயிர்க் காப்பீட்டைத் தொடங்கியது. 2025இல் என்சிடிஇஎக்ஸ் சந்தை, மழையளவு ஒப்பந்தங்களை உருவாக்க இந்திய வானிலைத் துறையோடு உடன்பாடு செய்துகொண்டது.

விடுதிக்கு இதைப் பொருத்துவதில் உள்ள இடைஞ்சல் மேலே சொன்னதுதான். பயிருக்கு மழை குறைவதே முதன்மை ஆபத்து என்று ஒரு கோடு கிழித்துவிடலாம். குற்றாலத்துக்கு இரண்டு கோடுகள் வேண்டும்: ஒன்றுக்குக் கீழே போனாலும் இழப்பீடு, மற்றதற்கு மேலே போனாலும் இழப்பீடு. மழைமானி தென்காசியில் இருக்கும், தண்ணீர் வருவது காட்டுக்குள்ளிருந்து. மானி சொல்வதும் அருவியில் விழுவதும் ஒத்துப்போகாத நாள் நிறைய இருக்கும்.

மாற்றாக, குளிக்கத் தடை விதிக்கப்பட்ட நாட்களையே அளவுகோலாக்கலாம். அது அரசு அறிவிப்பு, விடுதிக்காரர் தன் விருப்பத்துக்குக் கூட்டவோ குறைக்கவோ முடியாதது. வறண்ட நாளுக்கு இது ஈடு தராது என்பது குறை. ஆனால் வேறொரு பயன் உண்டு. தடை நாளுக்கு ஈடு கிடைக்கும் ஊரில், தடையைச் சீக்கிரம் எடுக்கச் சொல்லும் வியாபார நெருக்கடி தணியும் என்று எதிர்பார்க்கலாம். 2024 மே மாதத்துக்குப் பிறகு அந்தப் பயன் சிறியதல்ல.

இன்னும் தீராதவை

கணக்கு முறைகள் நோயைக் காட்டுகின்றன, மருந்து தருவதில்லை. விலை உத்திகள் முன்பதிவுப் பழக்கமுள்ள ஊருக்கு வகுக்கப்பட்டவை. குத்தகை, கட்டடத்துக்காரரைக் காப்பாற்றி மற்றவர்களை அம்பலத்தில் நிறுத்துகிறது. பயிர்க்கடன் போன்ற பருவத் தவணையும் பங்குமுறை ஒப்பந்தமும் தடை நாள் காப்பீடும் கோட்பாட்டளவில் வலுவானவை. இங்கே பரவலாக முயன்று பார்க்கப்படாதவை. மூன்றில் பருவத் தவணைக்கே புதிய சட்டமோ புதிய சந்தையோ தேவைப்படாது. அதனால் அதுவே முதலில் சோதிக்கத்தக்கது என்று தோன்றுகிறது. தடை நாள் காப்பீட்டுக்குக் கட்டணம் என்னவாகும் என்பதைப் பழைய தடை நாட்களின் பட்டியல் இல்லாமல் யாராலும் கணக்கிட முடியாது. போலீஸ் பதிவேட்டிலும் நாளிதழ்களிலும் சிதறிக் கிடக்கும் அந்தப் பட்டியலை அருவி வாரியாகத் தொகுப்பது மாவட்ட நிர்வாகத்துக்கு முடியாத வேலை அல்ல. 2019 நவம்பரில்தான் தென்காசி தனி மாவட்டமானது. அதற்கு முந்தைய ஆண்டுகளைத் திருநெல்வேலியில் தேட வேண்டியிருக்கும். கட்டணம் கட்டுப்படியாகுமா, அதில் எவ்வளவு பங்கை அரசு ஏற்கும், சீசன் கூலிக்காரருக்கு அதில் இடமுண்டா என்ற கேள்விகளுக்கு அதற்குப் பிறகே விடை தேட முடியும்.